பத்திரிகையில் இரண்டு மதகடியார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீரங்கத்தில் என் தம்பி வீட்டு ஹாலில் ஆரம்பித்தது இந்த விவகாரம். அவனுடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, பத்திரிகைக்கு வாசகம் எழுத இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தோம். பேனா என் கையில். கல்லூரி அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குடும்பத்தில் யார் எதை எழுதினாலும் நான் ஒரு தடவை திருத்திக் கொடுத்த பிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போகும். என் கணவர் இதையே வேறு வார்த்தைகளில் சொல்வார், அது இங்கே வேண்டாம்.

மாப்பிள்ளை தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். தம்பி மகள் அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அவன் எலும்பைப் படம் எடுத்து அனுப்புவான், இவள் அதைப் பார்த்து ஆளை நடக்க வைப்பாள். இப்படியே ஒரு வருடம் போய், ஒரு நாள் இருவரும் தத்தம் வீட்டில் சொல்லிவிட்டார்கள். விசாரித்ததில் எங்களவர்கள்தான். பூர்வீகம் திருவெள்ளறை, அப்பா இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார். குலதெய்வம் கேட்டார்கள், வேறு வேறு. ஜாதகமும் பொருந்தியது. இதெல்லாம் நடந்தபோது நான் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். அதனால் சம்பந்தி வீட்டாரிடம் எங்கள் குடும்பப் பெருமையைப் பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்தக் குறையை அன்றைக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன்.

எங்கள் பெருமை என்பது எங்கள் வீட்டுப் பெயர். ‘மதகடியார்’ என்று பெயர். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் போட்டால் போதும். பாஸ்போர்ட் ஃபாரத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் வரும்போது பாதிப் பேர் என்ன எழுதுவது என்று முழிப்பார்கள். நாங்கள் முழித்ததே இல்லை. தாத்தா, அப்பா இருவருமே பெயருக்குப் பின்னால் மதகடியார் என்று எழுதியவர்கள். நான் கல்யாணமாகிப் போன பிறகும் விடாமல் எழுதினேன். தம்பி வீட்டில் மட்டும் பாஸ்போர்ட் மாதிரிக் காகிதங்களோடு சரி, மற்றபடி வெறும் இனிஷியல்தான். தொட்டியத்தில் எங்கள் முன்னோர் வாய்க்காலில் மதகு கட்ட நிலம் கொடுத்ததால் வந்த பட்டம் என்பது வீட்டில் வழங்கி வந்த கதை. ஆபீசுக்குப் புதிதாக வந்து சேருகிறவர்கள், முதல் வாரத்திலேயே என்னிடம் இந்தக் கதையைக் கேட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரின் வாசகத்தை முதலில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, எங்கள் பெயரை எடுத்துச் சொல்வதற்குத் தோதாக, “உங்க வகையறா பேரு ஏதாச்சும் போடணுமாங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டேன். அவர் சாது மனுஷன். கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “நாங்க அதெல்லாம் எழுதிக்கிறதில்லைங்க. ஊர்ல மதகடியார் வீடும்பாங்க” என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் எது ரகசிய ஃபைல், எது சாதாரண ஃபைல் என்று பிரித்து அடுக்கியவள், அன்றைக்கு எல்லார் முன்னாலும், “அப்ப நீங்க எங்க பங்காளியால்ல ஆகுது. இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறையாச்சே” என்று சொல்லிவிட்டேன்.

ஒரே வகையறா என்றால் பங்காளி. எத்தனை தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் கூடப்பிறந்த மாதிரி. மாமன் மகனைக் கட்டலாம், அத்தை மகனைக் கட்டலாம், பங்காளி வீட்டில் மட்டும் கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்கு அப்பீல் கிடையாது. குலதெய்வம்தான் வேறாயிற்றே என்று தம்பி மெதுவாக இழுத்தான். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் கோயில் வைப்பதுண்டு, நாளடைவில் சாமி பெயரே மாறிவிடும் என்று அதற்கும் நானே பதில் சொன்னேன். என் வாய் அன்றைக்கு நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். “நல்லா விசாரிங்க. நாங்களும் விசாரிக்கிறோம். பிள்ளைங்க விஷயம்” என்றார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. அவர்கள் காரில் ஏறிப் போனதும் தம்பி மகள் என் முன்னால் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. “அத்தை, பங்காளின்னு சொன்னது நீங்க. இல்லைன்னு கண்டுபிடிக்க வேண்டியதும் நீங்கதான்” என்றாள். தம்பி மாசிக் கடைசி வரை பார்ப்பதாகச் சொன்னான். மண்டபத்துக்காரர் அதுவரைதான் வைகாசி முகூர்த்தத்தை நிறுத்தி வைப்பார். அதற்குள் தெரியாவிட்டால் கல்யாணம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், காவிரிப் பாலம் தாண்டியதும் என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நுணலும் தன் வாயால் கெடும்னு படிச்சிருக்கியே, நுணல்னா என்னன்னு தெரியுமா?” தவளை என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். வீட்டில் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. என் அப்பாவுக்கு ஐந்து வயதிருக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார். அப்பாவுக்கே அவரைப் பற்றி அதிகம் தெரியாது. மதகுக்கு நிலம் கொடுத்த கதை யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்றும் தெரியவில்லை. சரி, காகிதம் பொய் சொல்லாது, அதைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

என்னை அலைந்து திரிந்து கூட்டிப் போனது யார் தெரியுமா, மாப்பிள்ளைப் பையன்தான். அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. காலையில் ஸ்கூட்டரோடு வந்து வாசலில் நிற்பான். பாவம், அவனுக்கு ஒரு பெரிய சிக்கல், என்னை எப்படிக் கூப்பிடுவது என்று. நாங்கள் பங்காளிகள் என்றால் நான் அவனுக்கு அத்தை. கல்யாணம் நடந்தால் மாமனாருக்கு அக்கா, பெரியம்மா முறை. எதைச் சொன்னாலும் கேஸில் ஒரு பக்கம் தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும். அவன் யோசித்துப் பார்த்து ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். வேகத்தடை வந்தால்கூட, “மேடம், பிடிச்சுக்குங்க” என்று முன்கூட்டியே அறிவிப்பான். பையனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதனால் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற கவலை இன்னும் கூடிற்று.

முதலில் ஆவணக் காப்பகம். பழைய நிலப் பதிவேடுகளில் கிராம வாரியாக யார் யாருக்கு எந்த வயல் என்று எழுதியிருப்பார்கள். தொட்டியம் ஏட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மதகுக்கே நிலம் கொடுத்த குடும்பம், முதல் நாலு பக்கத்துக்குள் வந்துவிடும் என்று நம்பிக்கை. நாலு பக்கம் போயிற்று, நாற்பது போயிற்று, ஏடே முடிந்துவிட்டது. தொட்டியத்தில் மதகடியார் என்ற பெயரில் ஒரு சாண் நிலம் இல்லை. சுற்றுவட்டார ஊர்களையும் பார்த்தேன், அங்கும் இல்லை. பையன் ஒரு பக்கம் உட்கார்ந்து திருவெள்ளறை ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதில் பக்கத்துக்குப் பக்கம் மதகடியார். நஞ்சை, புஞ்சை, கிணறு, எல்லாம் அவர்களுடையது.

“மேடம், அப்ப உங்க பெரியவங்க எங்க ஊர்லேர்ந்துதான் தொட்டியத்துக்குப் போயிருப்பாங்களோ?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. அப்படியென்றால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பங்காளி. அன்று திரும்பி வரும்போது வேகத்தடைக்குக்கூட அவன் அறிவிப்புக் கொடுக்கவில்லை.

தம்பிக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவன், “சரிக்கா, நான் அவகிட்ட பேசறேன். மண்டபத்துக்கும் சொல்லிடறேன்” என்றான். ஒரு வாரம் பொறுடா என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். என்னிடம்தான் மற்றவர்கள் டி.சி.க்கும் மார்க் ஷீட்டுக்கும் கெஞ்சுவார்கள்.

மிச்சமிருந்தது தாத்தா படித்த பள்ளிக்கூடம். கோட்டைப் பக்கத்தில் ஒரு பழைய உயர்நிலைப் பள்ளி. வீட்டில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோவின் அடியில் பள்ளியின் பெயர் இருந்ததால் அதில் சந்தேகமில்லை. தலைமையாசிரியருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ரொம்ப மரியாதையானவர், ரெக்கார்ட் ரூமைத் திறந்து விடச் சொல்லி, கூடவே ஒரு கிளார்க் பெண்ணையும் அனுப்பினார். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ‘நானும் ரெக்கார்ட் செக்‌ஷன்ல இருந்தவதான், நீ உன் வேலையைப் பாரும்மா’ என்று அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டேன்.

ரெண்டு நாள் தேடினேன். தாத்தா எந்த வருடம் சேர்ந்தார் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு அட்மிஷன் ரெஜிஸ்டரையும் எடுத்து மதகடியார் என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கிளார்க் பெண் பொறுக்க மாட்டாமல், “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. சேரும்போது அந்தப் பேர் அவருக்கு இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். கல்லூரியில் எத்தனையோ பேர், கல்யாணத்துக்குப் பிறகு மாறின பெயரைச் சொல்லிப் பழைய ரெக்கார்டைக் கேட்டு என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ‘சேரும்போது என்ன பேரோ அதைச் சொல்லுங்க’ என்று அவர்களை விரட்டியவள் நான். அதையே எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்கு அந்தப் பெயர் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது என்று அவ்வளவு நிச்சயம். பையன் பக்கத்திலிருந்த ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கிறான் என்று தெரிந்தது.

பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தோம். ‘தொட்டியம்’ என்று எழுதியிருக்கிற வரிகளை மட்டும் மூன்று பேரும் ஆளுக்கொரு ரெஜிஸ்டராகப் பார்த்தோம். பதினோரு மணி வாக்கில் பையன் டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனான். அவன் போன ஐந்தாவது நிமிடம் தாத்தா கிடைத்துவிட்டார்.

பெயர், வெறும் பெயர், பின்னால் ஒன்றும் இல்லை. ஊர் தொட்டியம். தகப்பனார் காலமாகிவிட்டார் என்று எழுதி, அவர் பெயர். இடது முழங்காலில் தழும்பு. தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் கூலி. அடுத்த கட்டம் கார்டியன். அதில் திருவெள்ளறை மதகடியார் ஒருவரின் பெயரும், டவுனில் அவர் வைத்திருந்த வீட்டு விலாசமும். மாணவனுக்கு அவர் என்ன உறவு என்ற கட்டத்தில், ‘உறவு இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அந்தப் பக்கத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழுப்பேறின தாள், பள்ளிக்கூடப் பையனின் தமிழ்க் கையெழுத்து, தலைமையாசிரியருக்கு விண்ணப்பம். இன்றைக்கும் எனக்கு அது வரிக்கு வரி மனப்பாடம்.

‘நான் மூன்று வருஷமாகத் திருவெள்ளறை மதகடியார் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுப் படித்து வருகிறேன். அவர்களுக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. என்னைச் சுவீகாரமும் எடுக்கவில்லை. என் பெயரோடு அவர்கள் வீட்டுப் பெயரையும் சேர்த்துப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். நான் எங்கே போனாலும் மறக்காமல் இருக்கும்பொருட்டு இதைக் கேட்கிறேன்.’

கீழே தாத்தாவின் கையெழுத்து. ஓரத்தில் தலைமையாசிரியர் அனுமதி என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தார்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பங்காளி இல்லை, கல்யாணம் நடக்கும், என் தலை தப்பியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் நின்றிருக்குமா, தெரியவில்லை. அடுத்தபடியாக முகத்தில் சூடு ஏறியது. மதகும் இல்லை, நிலமும் இல்லை. கூலிக்காரர் மகன். ஊரார் வீட்டுச் சோற்றைத் தின்று படித்தவரின் பேத்தி நான். அந்த வீட்டாரிடமே போய் அவர்கள் பெயரை எங்கள் பெயர் என்று அதிகாரம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. தாத்தாவின் அப்பா பெயரும் தொட்டியம் என்ற ஊரும் இருக்கிற வரியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். அது வேறு மதகு, இது வேறு மதகு, ரெண்டும் வேறு வேறு குடும்பம் என்று நான் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? குலதெய்வமும் வேறு. கல்யாணமும் நடக்கும், பெயரும் நிற்கும். போனை எடுத்து, அந்த ஒரு வரி மட்டும் விழுகிற மாதிரி பிடிக்கவும் செய்தேன்.

பிடித்த கையோடு மறுபடியும் தாத்தாவின் கையெழுத்து கண்ணில் பட்டது. பதினான்கு வயதுப் பையன். எனக்குச் சோறு போட்டவர்கள் இவர்கள், எனக்கு உறவு இல்லை என்று தலைமையாசிரியருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. தூசி என்று அந்தக் கிளார்க் பெண்ணிடம் சொன்னேன். அவள் உடனே ஃபேனைப் போட்டாள், இருந்த தூசியெல்லாம் எழும்பி மூன்று மடங்கானது.

பையன் டீயோடு வந்தான். முழுப் பக்கத்தையும் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தான், ரெண்டு தடவை படித்தான். “மேடம், இது எங்க கொள்ளுத் தாத்தா” என்றான். பிறகு கிளாஸை நீட்டி, “டீ ஆறிடும்” என்றான்.

அந்த வாரமே தம்பியும் அவன் மனைவியும் நானும் என் கணவரும் திருவெள்ளறைக்குப் போனோம். தாளின் நகலை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். வழியில் தம்பிக்குப் புதிதாக ஒரு பயம். வளர்த்தவரும் அப்பா ஸ்தானம்தானே, அப்ப இதுவும் ஒரு வகையில் பங்காளிதானே என்று ஆரம்பித்தான். எனக்குத் தம்பி என்றால் சும்மாவா. ‘நீ வாயைத் திறக்காதே, வாயால் வந்த வினை நம்ம வீட்டில் ஒன்று போதும்’ என்று அடக்கினேன்.

அங்கே போய் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். நான் வாங்கவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது ஒன்று, அதைவிட, அந்தத் தாளைக் கொடுக்காமல் அவர்கள் வீட்டில் ஒரு வாய் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. கவரிலிருந்து தாளை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினேன். ‘மதகடியார்ங்கறது உங்க பேருங்க. எங்க பேர் இல்லை. எங்க தாத்தா உங்க வீட்டுச் சோறு தின்னு படிச்சவர். தெரியாம நான் பெருமை பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்லி முடித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார். டவுனில் தன் தாத்தா ஒரு வீடு பிடித்து, படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்று அவருடைய அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாராம். யார் யார் சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை தாளைப் பார்த்தார். “நாங்க எழுதி வைக்கல. சாப்பிட்ட பிள்ளை எழுதி வச்சிருக்கு பாருங்க” என்றபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. என் கணவர் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

தம்பி அடக்க மாட்டாமல் தன் பயத்தைச் சொல்லியே விட்டான். வளர்த்த உறவும் உறவுதானே என்றான். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். “உங்க தாத்தாவே உறவு இல்லைன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டாரு. இனிமேதான் நாம உறவாகணும்” என்று சொல்லி, உள்ளே திரும்பி, “இலையைப் போடு” என்று குரல் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்து, “கை நனைச்சுட்டுத்தான் போறீங்க” என்றார். கல்யாணம் நிச்சயம் என்பதை எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வெண்டைக்காய் வத்தக் குழம்பு, முருங்கைக்கீரை, அப்பளம், கெட்டித் தயிர். ஏதோ விருந்து என்று சொல்ல முடியாது, சாதாரண மதியச் சாப்பாடுதான். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். அந்த வீட்டம்மா நாலாவது தடவையும் கரண்டியோடு வந்தார். வேண்டாம் என்று இலையை மறைக்கக் கை போனது, மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி மகளுக்கு முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான், இருந்தாலும் அந்த ஒரு மாதமும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “அத்தை, ஒரு லாபம் பாத்தீங்களா, கல்யாணத்துக்கப்புறம் நான் பாஸ்போர்ட்ல சர்நேம் மாத்தவே வேணாம்” என்றாள். அவளுக்குப் பயம் விட்டுப்போனது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

பத்திரிகை வாசகம் எழுத மறுபடியும் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்திலிருந்து மதகடியார் என்பதை நானே அடித்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை. வருடக்கணக்காகப் போட்ட பெயரை இப்போது எடுத்தால், அதைக் கேட்டு வாங்கின பெரியவர் மனம் என்ன பாடுபடும் என்றார். போடு, எடு என்று அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ‘திருவெள்ளறை மதகடியார் வகையறா’ என்றும், பெண் வீட்டார் பக்கம் ‘திருவெள்ளறை மதகடியார் வீட்டில் உண்டு படித்தவரின் கொள்ளுப்பேத்தி’ என்றும் எழுதினேன். பிரஸ்காரர் போன் பண்ணி, இந்த வரி தப்பாக வந்துவிட்டதா, எடுத்துவிடவா என்று கேட்டார். ‘ஒரு எழுத்து குறையக் கூடாது’ என்றேன்.

வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்த ஒவ்வொருவரும் அந்த வரி என்ன என்று கேட்டார்கள். பந்தியில், மேடைக்குப் பக்கத்தில், கை கழுவுகிற இடத்தில் என்று நாற்பது ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். மதகுக்கு நிலம் கொடுத்த கதையைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதைக் கேட்டவர்கள் நின்று, அவரவர் வீட்டில் யார் யாருக்குச் சோறு போட்டார்கள், யார் தங்களுக்குப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் இன்னமும் பெயருக்குப் பின்னால் மதகடியார் என்றுதான் எழுதுகிறேன். என் தாத்தா மறக்காமல் இருப்பதற்காகக் கேட்டு வாங்கின பெயரை நாங்கள் பத்திரமாக வைத்துக்கொண்டு விஷயத்தை மறந்துவிட்டோமே என்று, கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கத்தான் செய்கிறது.